பின்னலும் வீணையும் என் கதைகளுக்கு எதைத் தரும்?

கேள்வி: நூற்கண்டு

மாலையில் ஸ்வெட்டர் பின்னுவேன், வீணையும் கற்று வருகிறேன். இரவில் சிறுகதை எழுத உட்காருவேன். பொழுதுபோக்குகள் எழுத்துக்கு உரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் கதைகளிலோ ஒருத்தி ஊசியைக் கையில் எடுத்த உடனே, "வாழ்க்கையும் ஒரு பின்னல்தானே" என்று யாராவது பெருமூச்சு விட்டுவிடுகிறார்கள். வீணை வந்தால் தந்தி அறுகிறது, கூடவே ஒரு காதலும் அறுகிறது. படிக்கும்போது எனக்கே கொட்டாவி வருகிறது. உங்களுக்குக் கைவேலையோ இசையோ உண்மையில் எதைக் கொடுத்திருக்கிறது? "மன அமைதி" என்ற பதில் மட்டும் வேண்டாம். அது எனக்கும் கிடைக்கிறது, கதைதான் கிடைக்கவில்லை.

பதில்: மத்திமம்

இசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பின்னல் எனக்குத் தெரியாது. வீணையைக் கதைக்குள் தூக்கிவர வேண்டாம், வகுப்பில் பழகியதைக் கொண்டுவாருங்கள். சங்கராபரணம் 29ஆவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம்; கல்யாணி 65ஆவது. இரண்டுக்கும் மத்திமம் என்ற 'ம' ஸ்வரம் ஒன்றுதான் வேறு, மற்ற ஸ்வரங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் ராகத்தின் முகமே மாறிவிடுகிறது. முடித்து வைத்த கதையில் நானும் இப்படி ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பார்ப்பதுண்டு. கடிதம் வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தால், வந்தது, அவள் பிரிக்கவில்லை என்று மாற்றுவேன். வேறு ஒரு வரியையும் தொடமாட்டேன். பல நேரம் ஒன்றும் நடப்பதில்லை. சில நேரம், முன்பே எழுதிய உரையாடல்கள் எல்லாம் வேறு பொருள் தரத் தொடங்கிவிடும்.

நிரவலும் நல்ல பயிற்சி. சொற்கள் தாளத்தில் விழும் இடம் பிசகாமல் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுகிறோம் அல்லவா? "சாப்பிட்டாயா?" என்ற ஒரு கேள்வியை நான்கு காட்சிகளில் வையுங்கள். சொல் மாறக்கூடாது. முதலில் அக்கறையாக இருந்தது கடைசியில் மிரட்டலாக வேண்டும். செய்து பாருங்கள், திணறுவீர்கள்.

பதில்: பழைய ஊசி

பின்னலைக் குறியீடாகப் பார்ப்பதை முதலில் விட்டுத்தொலையுங்கள். அது ஒரு வேலை. அந்த வேலையைச் செய்கிறவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் இருக்கின்றன. கதை அங்கேதான் இருக்கிறது.

கோபத்தோடு பின்னினால் கை நூலை இறுக்கும். பத்து சென்டிமீட்டரில் 20 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வரவேண்டிய இடத்தில் 23 வந்து நிற்கும். துணியின் நடுவே ஒரு பட்டை ஒடுங்கிவிடும். போட்டுக்கொள்கிறவருக்கு அது தெரியாது. இன்னொரு பின்னல்காரி விரலால் தடவினால் கண்டுபிடித்துவிடுவாள், "இந்த இடத்தில் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது" என்று. ஒரு குடும்பச் சண்டையை ஒரு வரி வசனம் இல்லாமல் சொல்லிவிடலாம். இதை வைத்துக்கொண்டு தந்தி அறுந்தது என்று ஏன் எழுதுகிறீர்கள்?

இன்னொன்று. அவிழ்த்த கம்பளி நூல் நேராக நிற்காது. கண்ணிகளாக இருந்த வளைவு அதில் அப்படியே தங்கிவிடும். நனைத்து, எடை கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். நனைக்காமல் அவசரமாக ஒருத்தி மறுபடி பின்னியிருந்தால், பரிசாக வந்த புதுக் குல்லாய் முன்பு வேறு யாருடைய ஸ்வெட்டராகவோ இருந்தது என்பது வெளிப்பட்டுவிடும். யாருடையது? ஏன் அவிழ்த்தாள்? நீங்கள் எழுதுங்கள், நான் எழுதினால் துப்பறியும் கதையாகிவிடுகிறது.

1859இல் வந்த 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' நாவலில் மேடம் தெஃபார்ஜ் பழிதீர்க்க வேண்டியவர்களின் பெயர்களைப் பின்னலிலேயே பதிந்து வைக்கிறாள். யாரும் அவளைச் சந்தேகிப்பதில்லை. அங்கே ஊசி அழகுக்காக இல்லை, அதை எடுத்துவிட்டால் அவளுக்குப் பட்டியலே இல்லை. உங்கள் கதையிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். பின்னலுக்குப் பதிலாக அவள் பட்டாணி உரித்தாலும் கதை நடக்கும் என்றால், உரிக்கட்டும்.

எழுதும் முறைக்கும் ஒரு குறிப்பு. கண்ணிகளை எண்ணத் தேவையில்லாத நேர்ப்பின்னலின்போது எனக்கு உரையாடல்கள் தானாக வரும். முறுக்குகளும் துளைகளும் உள்ள வடிவம் பின்னினால் ஒன்றுமே வராது, எண்ணிக்கை முழு மனத்தையும் தின்றுவிடும். ஆகவே, கதை முட்டி நிற்கும் நாளில் எளிமையானதைக் கையில் எடுங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். வரிசை முடியட்டும் என்று காத்திருந்தால் வசனம் போய்விடும்.

பதில்: ஏழு துளை

நான் புல்லாங்குழல் வாசிக்கிறேன், கவிதையும் எழுதுகிறேன், இரண்டையும் சேர்ப்பதில்லை. எதைச் செய்தாலும் அதிலிருந்து கதை கறக்க வேண்டும் என்று ஆரம்பித்தால், ஓய்வுக்காகத் தொட்ட குழலும் அலுவலாகிவிடும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குழலில் எங்கே மூச்சு விடுவது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அந்தப் பழக்கத்தால் என் வரிகள் குட்டையாகிவிட்டன. நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நூற்கண்டு:

மூவருக்கும் நன்றி. ஏழு துளை சொல்வதும் நியாயம்தான், வீணையை இப்போதைக்கு விட்டுவைக்கிறேன். அந்த ஒடுங்கிய பட்டை மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. இறந்துபோன மாமியாரின் பெட்டியில் பாதியில் நின்ற ஒரு ஸ்வெட்டர் கிடைக்கிறது. மருமகளும் பின்னத் தெரிந்தவள். பட்டை எந்த மாதத்தைச் சேர்ந்தது என்று அவளால் கணக்குப் போட முடிகிறது, ஏனென்றால் அந்த மாதம் அவளும் அந்த வீட்டில் இருந்தாள். பழைய ஊசிக்கு ஒரு சந்தேகம்: துவைத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடாதா? எனக்குச் சிறு ஏற்றத்தாழ்வுகள் எல்லாம் அலசியதும் சமமாகிவிடுகின்றன.

பழைய ஊசி:

சிறியவை சமமாகும். 23 கண்ணி அளவுக்கு இறுகியது அவ்வளவு எளிதில் போகாது, ஆனாலும் நனைத்துப் பரப்பி ஊசி குத்திக் காயவைத்தால் ஓரளவு மங்கும். உங்கள் மாமியார் பாதியில் நிறுத்தியிருக்கிறார், எனவே துவைத்திருக்க வாய்ப்பில்லை. அப்படியே விடுங்கள். கண்ணிகள் இன்னும் ஊசியிலேயே இருக்கின்றனவா, உருவி எடுத்துவிட்டார்களா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊசியிலேயே இருந்தால் மருமகள் தொடர்ந்து பின்னலாம், உருவியிருந்தால் இழுத்த இழுப்புக்கு அவிழ்ந்துவிடும். இரண்டும் வேறு வேறு கதைகள்.