பூமலைக்கு யார் யார்?

குழு: அப்பத்தா பிள்ளைகள்

கவிதா: ஞாயிறு காலை 9 மணிக்குப் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், தாவர நடை. இந்த மண்ணின் செடிகளை அந்தக் காலத்தில் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று காட்டுவார்கள். ஆறு இடம் பதிந்திருக்கிறேன். யார் வருகிறீர்கள்?

அத்தை: அன்று அப்பத்தா திதி.

கவிதா: அது அடுத்த ஞாயிறு அத்தை.

அத்தை: பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறேன்.

பெரியப்பா: எல்லாரும் வர வேண்டும். ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தோடு திரும்பிவிடக் கூடாது. கெட்டா பெர்ச்சா மரத்தைப் பாருங்கள். அதன் பாலை வெந்நீரில் இளக்கி மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். 1840களில் மோன்ட்கோமரி என்ற மருத்துவர் அதைக் கவனித்து லண்டனுக்கு அனுப்பினார். பிறகு கடலடித் தந்திக் கம்பிக்கு அந்தப் பால்தான் உறை. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு காடாகப் போயிற்று. கத்திப்பிடிக்கு மட்டும் எடுத்தவரை மரம் இருந்தது.

சித்தப்பா: சாப்பாடு உண்டா?

கவிதா: இல்லை சித்தப்பா.

சித்தப்பா: அப்படியானால் முடிந்ததும் தேக்கா சந்தையில் சாப்பிடுவோம்.

பாலா: மெங்குடு பழச்சாறு குடித்தால் சர்க்கரைக்கு மாத்திரையே வேண்டாமாம். இன்னொரு குழுவில் வந்தது.

கவிதா: மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

பெரியப்பா: மெங்குடு நம் நுணாதான். வேர்ப்பட்டையில் துணிக்குச் சிவப்புச் சாயம் எடுப்பார்கள்.

அத்தை: நொச்சி இருக்குமா?

பெரியப்பா: நீர்நொச்சி. மலாயில் லெமுனி. அந்த இலையில் சோறு சமைத்துப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். நாம் செம்பவாங்கில் இருந்தபோது பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக், தினம் ஒரு கொத்து தருவார். அதில்தான் அப்பத்தா நமக்கு ஆவி பிடிக்க வைத்தார்.

அத்தை: தெரியும் அண்ணா. கொத்தை வாங்கி வந்தவளே நான்தான். அந்த மருந்து உரல் யாரிடம் இருக்கிறது?

சித்தப்பா: மறுபடியும் உரலா அக்கா?

அத்தை: வீடு மாறும்போதே கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை.

பெரியப்பா: என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு கொண்டுவருகிறேன்.

சித்தப்பா: கல் உரலைப் பூமலைக்கா?

கவிதா: சின்ன அப்பத்தாவை அழைத்துவருவோமா? எந்த இலை எதற்கென்று இப்போது அவருக்கு மட்டும்தான் தெரியும். கூடவே நடந்து எழுதிக்கொள்கிறேன்.

அத்தை: சக்கர நாற்காலியை யார் தள்ளுவது?

சித்தப்பா: நான்.

அத்தை: இலையைக் கண்டால் கிள்ளிவிடுவார். பூங்காவில் பறித்தால் அபராதம்.

சித்தப்பா: கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

பாலா: எனக்கு அன்று வேலை. மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன்.

கவிதா: அப்படியானால் ஐந்தா, ஆறா?

பெரியப்பா: ஆறு.

அத்தை: பஞ்சாங்கம் கிடைக்கவில்லை. கோயிலில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.