எபேன் ஆபீஸில் ஓடும் ஸ்கிரிப்ட் பெரியம்மா போனில் ஓடவில்லை, உதவி தேவை

மயிலிறகு (கத்ர் போர்ன், மொரீஷியஸ்):

வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலின் தைப்பூசக் காவடிப் பதிவுப் பக்கம் என் பொறுப்பில் இருக்கிறது. கொடியேற்றத்துக்கு இன்னும் ஆறு நாள்தான். விரதம் தொடங்குவதற்குள் பதிவு முடிந்தாக வேண்டும்.

பக்கத்தில் வெளியார் ஸ்கிரிப்ட் மூன்று இருக்கிறது. காவடிச் சட்டம் வாங்க வரும் நாளைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள்காட்டி. அது இரண்டு கோப்பு: ஒரு அடிப்படை நூலகம், அதன்மேல் ஓடும் சின்னத் துண்டு. மூன்றாவது, காணிக்கை கட்டுவதற்கான பெட்டி. எல்லாம் முதலிலேயே இறங்கியதால் பக்கம் திறக்கவே நேரம் பிடித்தது. அதனால் 'பதிவு செய்க' பொத்தானைத் தொட்ட பிறகு ஏற்றலாம் என்று மாற்றினேன்.

முதலில் ஸ்கிரிப்ட் டேகை (ஸ்கிரிப்டை அழைக்கும் எச்டிஎம்எல் வரியை) ஒரு சரமாக எழுதி, அதை அப்படியே பக்கத்துக்குள் வைக்கும் இன்னர்எச்டிஎம்எல் வழியே போட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை, பிழைச் செய்திகூட இல்லை. பிறகு, டேகை நிரலாலேயே உருவாக்கும் கிரியேட்எலிமென்ட் வழியே மூன்று டேகையும் வரிசையாகச் சேர்த்தேன். எபேனில் என் ஆபீஸ் கணினியில் பத்துக்குப் பத்தும் ஓடியது. பெரியம்மா வீடு மாஎபூர் பக்கம், வீட்டுக்குள் ஒரு கோடுதான் சிக்னல் வரும். அவர் போனில் திறந்தால் நாள்காட்டி வரவே இல்லை, பிழைகளைக் காட்டும் கன்சோலில் 'இஸ் நாட் டிஃபைன்ட்' (அப்படி ஒரு பெயரே இல்லை) என்று சிவப்பாக நிற்கிறது. அதே போனில் பக்கத்தை மறுபடி ஏற்றினால் சில சமயம் வந்துவிடுகிறது. எங்கே தப்பு செய்தேன் என்று பிடிபடவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கரும்புத்தோட்டம் (எபேன்):

தம்பி, முதல் விஷயம் சுலபம். இன்னர்எச்டிஎம்எல் வழியே உள்ளே போகும் ஸ்கிரிப்ட் டேகை பிரவுசர் ஓட்டாது. அது பிழை இல்லை, எச்டிஎம்எல் விதியே அப்படித்தான். கிரியேட்எலிமென்டுக்கு மாறியது சரி.

இரண்டாவதில்தான் சிக்கல். அப்படிச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் தானாகவே அசிங்க் ஆகிவிடும், அதாவது ஒன்று மற்றொன்றுக்குக் காத்திருக்காது. நீங்கள் எந்த வரிசையில் சேர்த்தீர்கள் என்பதைப் பிரவுசர் பார்க்காது. எது முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் ஓடும். உங்கள் இரண்டு கோப்பும் என்ன அளவு? பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பலகையைத் திறந்து, முன்பு இறக்கியதைச் சேமித்து வைக்கும் கேஷை முடக்கி, வேகத்தை 3ஜிக்கு இறக்கி, என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

மயிலிறகு:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே கண்ணில் தெரிந்தது. நூலகம் 290 கேபி, துண்டு 18 கேபி. சின்னதன் கோடு ஒரு நொடிகூட ஆகாமல் முடிந்துவிட்டது. பெரியது அதன் பிறகும் ஏழு எட்டு நொடி நீண்டுகொண்டே போனது. சின்னது ஓடும் நேரத்தில் நூலகம் பாதிகூட இறங்கவில்லை. மறுபடி ஏற்றினால் ஏன் சரியாகிறது என்றும் இப்போது புரிகிறது, பெரியது அதற்குள் கேஷில் உட்கார்ந்துவிடுகிறது.

கரும்புத்தோட்டம்:

அதுதான். ஆபீஸ் ஃபைபரில் இந்தத் தப்பு வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும்.

போனிலிருந்து எழுதுகிறேன், நிரலை வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வழி: டேகைப் பக்கத்தில் சேர்ப்பதற்கு முன், இரண்டிலும் அசிங்க் என்ற பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். இறக்கம் ஒரே நேரத்தில் நடக்கும், ஓடுவது மட்டும் சேர்த்த வரிசையில் நடக்கும். ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. முதல் கோப்பு வராமலே தோற்றால் பிரவுசர் அதை விட்டுவிட்டு இரண்டாவதை ஓட்டிவிடும். மறுபடியும் அதே சிவப்பு வரிதான்.

அதனால் நான் ஒரு சின்ன ஃபங்ஷன் வைத்துக்கொள்வேன். முகவரி கொடுத்தால் ஒரு பிராமிஸ் (பின்னால் நிறைவேறும் அல்லது நிராகரிக்கப்படும் வாக்குறுதி) திரும்பி வரும். கோப்பு வந்துவிட்டது என்று சொல்லும் ஆன்லோட் வந்தால் நிறைவேறும், வரவில்லை என்று சொல்லும் ஆன்எரர் வந்தால் நிராகரிக்கும். நூலகத்துக்கு அவெய்ட் (அது முடியும்வரை காத்திரு), அது வந்த பிறகு துண்டுக்கு அவெய்ட். காணிக்கைப் பெட்டிக்கு இவை இரண்டும் தேவையில்லை, அதைத் தனியாக விடுங்கள். ஒரே முகவரியை இரண்டாம் முறை கேட்டால் பழைய பிராமிஸையே திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறுமையில்லாமல் பொத்தானை மூன்று முறை தட்டுபவருக்கு மூன்று பிரதி இறங்கும்.

மயிலிறகு:

செய்துவிட்டேன். நாள்காட்டி பெரியம்மா போனில் வருகிறது! ஆனால் நேற்று இரவு புயல் எச்சரிக்கை, மழை, சிக்னல் இன்னும் மோசம். 'ஏற்றுகிறது' என்ற சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆன்லோடும் வரவில்லை, ஆன்எரரும் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து பெரியம்மா போனை மூடிவிட்டார்.

கரும்புத்தோட்டம்:

இணைப்பு அறுந்தால் ஆன்எரர் வரும். அறாமல் தொங்கினால், பிரவுசர் தானாகக் கைவிடும்வரை இரண்டும் வராது. அதுவரை யார் உட்கார்ந்திருப்பார்கள்? நீங்களே கெடு வையுங்கள்: எட்டு நொடியில் வராவிட்டால் நிராகரி. நிராகரித்ததும் பழைய டேகை நீக்கி, வைத்திருந்த பிராமிஸையும் அழித்துவிடுங்கள். மறுமுயற்சிக்குப் புது டேக்தான் வேண்டும், ஒருமுறை தொடங்கிய டேகின் முகவரியை மாற்றிப் போட்டாலும் அது மறுபடி ஓடாது.

இன்னொன்று. கோப்பு வந்து சேரவில்லை என்றால் மட்டும்தான் டேகின் ஆன்எரர் வரும். வந்த கோப்புக்குள்ளேயே பிழை இருந்தால் ஆன்லோட்தான் அடிக்கும். ஆகவே ஆன்லோட் வந்ததும் அந்த நூலகத்தின் பெயர், பக்கத்தின் பொதுப் பெயர்களை வைத்திருக்கும் விண்டோவில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ரோஸ்ஹில் அக்கா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் கோயில் வேலை செய்தவள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். தம்பி, ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க 308 கேபி எதற்கு? இன்புட் டைப் டேட் என்று ஒரு வரி போட்டால் போனின் சொந்த நாள்காட்டியே திறக்கும். பெரியம்மாவுக்குக் கை பழகியதும் அதுதான். இன்றைய பிரவுசர் எல்லாவற்றிலும் அது உண்டு. வேண்டாத நாள்களைத் தடுக்க மின், மேக்ஸ் பண்பு போதும், விடுபடும் ஒன்றிரண்டு நாளை உங்கள் சர்வர் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த அழகான நாள்காட்டி வேண்டும் என்று நிர்வாகக் குழு பிடிவாதமாக இருந்தால், உரிமம் அனுமதிக்கிறதா என்று பார்த்து, இரண்டு கோப்பையும் கோயில் சர்வரிலேயே வையுங்கள். பழைய பிரவுசர்களுக்கு உதவும் ஸ்கிரிப்டை வழங்கிய பாலிஃபில்.ஐஓ விஷயம் 2024 ஜூனில் வெடித்தது நினைவிருக்கும். டொமைன் கைமாறிய சில மாதங்களில், அந்த ஒரு வரியை நம்பி வைத்திருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஆபத்தில் மாட்டின. அந்தத் தளக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. வெளியாரிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால், பதிப்பு எண்ணை முகவரியிலேயே உறுதியாக்கி, இன்டெக்ரிட்டி பண்பில் கோப்பின் கைரேகை போன்ற ஹேஷைப் போடுங்கள், கூடவே கிராஸ்ஆரிஜின் பண்பும். கோப்பு ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை ஓட்டாது.

காணிக்கைப் பெட்டி வேறு கதை. பணம் கட்டும் நிறுவனம் தன் ஸ்கிரிப்டைச் சொல்லாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், அதற்கு ஹேஷ் போட்டால் ஒரு நாள் காலையில் பெட்டியே வராது. பிரதி எடுத்து வைக்கவும் கூடாது. அவர்கள் முகவரியிலிருந்தே ஏற்றுங்கள். ஆனால் காவடிப் பதிவை அதோடு கட்டிப்போடாதீர்கள். பெட்டி வந்தாலும் வராவிட்டாலும் பெயர் பதிவாக வேண்டும். காணிக்கையை உண்டியலிலும் போடலாமே.

மயிலிறகு:

அக்கா, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. நாள்காட்டி இரண்டையும் தூக்கிவிட்டு டேட் பெட்டி வைத்துவிட்டேன். பதிவு முடிந்த பிறகுதான் காணிக்கைப் பெட்டி ஏறும், வராவிட்டால் 'கோயிலில் செலுத்தலாம்' என்ற வரி காட்டும்.

கடைசியாக ஒன்று. என் கணினியில் எல்லாம் ஓடுகிறது. கோயில் சர்வரில் ஏற்றியதும் கன்சோலில் 'ரெஃப்யூஸ்டு டு லோட் த ஸ்கிரிப்ட்' (ஸ்கிரிப்டை ஏற்ற மறுத்தது) என்று வருகிறது.

கரும்புத்தோட்டம்:

அந்த சர்வரில் யாரோ சிஎஸ்பி ஹெடர், அதாவது எதை எந்த டொமைனிலிருந்து ஏற்றலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் பட்டியல், வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைதான், எடுத்துவிடாதீர்கள். ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சி வரியில் பணப் பெட்டியின் டொமைனைச் சேருங்கள். அதோடு நிற்காது: பெட்டி ஐஃபிரேம் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) திறந்தால் ஃபிரேம்-எஸ்ஆர்சியிலும், பின்னால் சர்வரோடு பேசினால் கனெக்ட்-எஸ்ஆர்சியிலும் அதே டொமைன் வேண்டும். எந்தெந்த வரி என்று கன்சோலே சொல்லும், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். அவசரத்தில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.

மயிலிறகு:

மூன்று வரியிலும் சேர்த்தேன், பெட்டி வந்துவிட்டது. இன்று மாலை மாஎபூர் போய்ப் பெரியம்மா போனிலேயே சோதித்தேன். வைஃபை இல்லை, அதே ஒரு கோடு சிக்னல். பக்கம் உடனே திறந்தது. பெரியம்மா தன் கையாலேயே பேரனுக்குப் பால்காவடி பதிவு செய்தார். காணிக்கைப் பெட்டி எட்டு நொடியில் வரவில்லை, 'கோயிலில் செலுத்தலாம்' என்று காட்டியது. 'சரி, வரும்போது கொண்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார்.

கரும்புத்தோட்டம் அண்ணாவுக்கும் ரோஸ்ஹில் அக்காவுக்கும் மிக்க நன்றி. நிரலைச் சுத்தம் செய்து, குறிப்பெல்லாம் தமிழில் எழுதி, இங்கேயே போடுகிறேன். வேறு கோயில்காரர் யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.