நான்கு நாளில் ஒன்பது இடம்: போர்க் கல்லறைகளுக்கு மாணவர்களைக் கூட்டிப் போகலாமா?

சாக்பீஸ்தூள்:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேர், ஆசிரியர்கள் நான்கு பேர், ஒரு பஸ், நான்கு நாள். முதல் உலகப் போரின் மேற்கு முனையைப் பார்க்கப் போகிறோம். பெல்ஜியத்தில் ஈப்ர் நகர அருங்காட்சியகம், மெனின் வாசல் நினைவுச் சின்னம், எசெக்ஸ் ஃபார்ம், டைன் காட், லாங்கமார்க் கல்லறைகள். அப்புறம் பிரான்சில் நெவ் ஷப்பெல், தியப்வால் நினைவிடங்கள், பூமோன் ஹமெல் அகழிகள், கடைசியாக வெர்டன் போர்க்களம்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "சுற்றுலா என்று சொல்லிவிட்டுச் சுடுகாட்டுக்குக் கூட்டிப் போகிறீர்களே சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிடப் பெரிய வகுப்பறை கிடையாது என்று நம்புகிறவன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இரண்டாம்மாடி:
அந்த அப்பா கேட்டதில் என்ன தப்பு? எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் இதே மாதிரி ஒரு அனுமதிப் படிவம் தொங்குகிறது. வேறு பள்ளி. மகளுக்கு 15 வயது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை, காரணம் மூத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் அவனும் இப்படி ஒரு பயணம் போனான். திரும்பி வந்ததும் போனில் படங்களைக் காட்டினான். கல்லறைக் கல்லில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நாலு பையன்கள் விரலால் வெற்றிச் சின்னம் காட்டுகிறார்கள். "அங்கே என்னடா பார்த்தாய்?" என்று கேட்டேன். "நிறைய வெள்ளைக் கல்" என்றான்.

பையனை மட்டும் குறை சொல்லவில்லை. வெட்டிவிட்ட புல், வரிசையாக ரோஜா, சாயங்காலம் அஞ்சலி எக்காளம். சேற்றில் அழுகிச் செத்தவர்களை இவ்வளவு அழகாக அடுக்கி வைத்தால் பிள்ளைக்குப் போர் எங்கே தெரியும்? பூங்காதான் தெரியும்.

பழையவழிகாட்டி:
பதினோரு வருஷம் இதே பாதையில் பள்ளி பஸ்களோடு போயிருக்கிறேன். மேடம், உங்கள் மகன் சொன்னது வெட்டிப் பேச்சு இல்லை. டைன் காட்டில் கிட்டத்தட்ட 12,000 கல்லறைகள். அவற்றில் 8,300க்கு மேல் யாருடையது என்றே தெரியாதவை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்று மட்டும் செதுக்கியிருக்கும். மனிதன் போய்க் கல் மட்டும் மிஞ்சிய இடத்தில் பையன் கல்லைத்தான் பார்ப்பான். இது ஏன் இப்படி என்று பக்கத்தில் நின்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கேட்க நேரம் இருந்திருக்காது, அடுத்த இடத்துக்குப் பஸ் கிளம்பியிருக்கும்.

சாக்பீஸ் சார், உங்கள் பட்டியலில் முதலில் வெர்டனை அடியுங்கள். அது வேறு மூலை, போகவே அரை நாள். அங்கே டூவமோன் எலும்புக்கூடம் (எலும்புகளை வைத்திருக்கும் நினைவுக் கட்டடம்) இருக்கிறது; அதன் சிறிய ஜன்னல் வழியாகக் குனிந்தால் அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்களின் எலும்புகள் கலந்து கிடப்பது தெரியும். அதைப் பார்த்தவுடன் பஸ்ஸில் ஏற்றி நாலு மணி நேரம் உட்கார வைப்பீர்களா? நான் அதைச் செய்திருக்கிறேன். பின்சீட்டில் ஒருவன் ஜோக் சொல்லிக்கொண்டே வந்தான், இன்னொருத்தி வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். இரண்டும் ஒரே வியாதிதான்.

மூன்றாவது கல்லறையோடு பிள்ளைகளின் கண் மூடிக்கொள்ளும். நாலாவதில் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

பருத்திப்பூ:
நாலாவதில் ஆசிரியர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

நெட்டெழுத்து:
எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிக்கல் அடியிலேயே இருக்கிறது. லாங்கமார்க்கை எடுத்துக்கொள்வோம்.

1914 நவம்பர் 11இல் ஜெர்மன் ராணுவத் தலைமை ஓர் அறிக்கை விட்டது: லாங்கமார்க்குக்கு மேற்கே இளம் படைப்பிரிவுகள் தேசப் பாடலைப் பாடிக்கொண்டே முன்னேறினவாம். நடந்தது என்னவென்றால், சரியான பயிற்சி இல்லாதவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்தப் படைகளில் மாணவர்கள் சிறுபான்மைதான். ஆனால் 'பாடிக்கொண்டே உயிர் தந்த மாணவர்கள்' என்ற கதை நிலைத்துவிட்டது. பல்கலைக்கழகங்களில் ஆண்டு விழா. கல்லறையை அமைக்க மாணவர் சங்கங்களே பணம் திரட்டின, 1932இல் திறப்பு. 1940 ஜூனில் ஹிட்லரே அங்கே வந்து நின்றார். அதற்குள் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை சீருடையில் இருந்தது.

இளைஞர்களைக் கூட்டமாகக் கூட்டி வந்து கல்லறை முன் தலைகுனிய வைப்பது போரைத் தடுக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? இந்த ஒரு இடத்தில் அது நேர் எதிராக வேலை செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது.

சாக்பீஸ்தூள்:
அய்யா, நீங்கள் இப்போது எழுதியதைத்தான் நான் அந்தக் கல்லறை வாசலில் நின்று சொல்லப் போகிறேன்! போக வேண்டாம் என்பதற்கு நீங்கள் தரும் காரணம்தான் எனக்குப் போக வேண்டும் என்பதற்கான காரணம். 44,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்ட இடம் அது. அதில் ஏறக்குறைய 25,000 பேர் நுழைந்ததும் தெரியும் ஒரே குழியில். அந்தச் சின்னச் சதுரத்தைக் காலால் சுற்றி வந்த பையனிடம் 'பாடிக்கொண்டே' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

நெட்டெழுத்து:
நீங்கள் சொல்வீர்கள். 38 பேருடன் வரும் எல்லா ஆசிரியர்களும் சொல்வார்களா? இங்கிலாந்தில் போரின் நூற்றாண்டை ஒட்டி ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் இரண்டு மாணவர், ஓர் ஆசிரியர் என்று அரசே செலவு செய்து அனுப்பியது. நல்ல திட்டம்தான். ஆனால் அரசு பணம் கொடுக்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்காமல் விடலாம் என்பதும் சேர்ந்தே வந்துவிடுமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

கடைசிபெஞ்ச்:
இங்கே மாணவராகப் போய் வந்தவர் யாரும் பேசவில்லை, அதனால் நான். பதினாறு வயதில் போனேன். மெனின் வாசல் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சுவர் முழுக்க 54,000க்கு மேற்பட்ட பெயர்கள், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ராத்திரி எட்டு மணி எக்காளம் முடிந்ததும் எங்கள் கூட்டம் கைதட்டிவிட்டது. சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அங்கே தட்டக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் நெவ் ஷப்பெல். சாலையோரத்தில் வட்டமாக ஒரு மதில், அவ்வளவுதான். 1915 மார்ச்சில் அங்கே நடந்த சண்டையில் இந்தியப் படைகள் பெரும்பங்கு வகித்தன. உடல் கிடைக்காத 4,700க்கு மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் அந்த மதிலில் இருக்கின்றன. எங்கள் டீச்சர் பஸ்ஸிலேயே ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். சிலருக்கு முந்தைய நாள் பார்த்த பிரிட்டிஷ் கல்லறையிலிருந்து ஒரு பெயர், சிலருக்கு இந்த மதிலிலிருந்து ஒரு பெயர். பக்கத்து சீட்டுக்காரன் தாளில் வயது, அப்பா அம்மா பெயர், தெரு, வீட்டு எண், குடும்பத்தார் கல்லில் செதுக்கச் சொன்ன வரி எல்லாம் இருந்தது. என் தாளில் ஒரு பெயர், படைப்பிரிவு, செத்த தேதி. வயது இல்லை.

"டீச்சர், இவருக்கு வயதே இல்லையா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, "எழுதி வை" என்றார். அந்தப் பயணத்திலிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

நெட்டெழுத்து:
கடைசிபெஞ்ச் தம்பி கேட்டது சின்னக் கேள்வி இல்லை. பதவி, இனம், மதம் பாராமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி நினைவு என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. ஆனால் 2021இல் அந்த ஆணையமே வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை, பெரும்பாலும் இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரே பொறிக்கப்படவில்லை அல்லது நினைவிடமே இல்லை. மன்னிப்பும் கேட்டார்கள்.

சரி, இந்த வகைப் பயணம் என்றால் என் எதிர்ப்பு கொஞ்சம் தளர்கிறது. யார் பெயர் இல்லை என்று தேடப் போவது வேறு, தலைகுனியப் போவது வேறு.

பருத்திப்பூ:
அதற்கு ஐரோப்பாவுக்கு ஏன்? தாய்லாந்து காஞ்சனபுரிக்குப் போகட்டும். 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை. அதில் செத்த போர்க் கைதிகள் 12,000க்கு மேல், அவர்களுக்கு வரிசையாகப் பெயரோடு கல்லறை. செத்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 என்று கணக்கு. மலாயா தோட்டத்துத் தமிழர்கள் அதில் ஏராளம். அவர்களுக்கு அந்த மாதிரி ஒரு வரிசையைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சாக்பீஸ்தூள்:
பருத்திப்பூ, இந்த வருடம் பஸ் அந்தப் பக்கம் போகாது. ஆனால் குறித்துக்கொண்டேன், கிண்டலாக இல்லை.

இரண்டாம்மாடி:
நீங்கள் எல்லோரும் பேசுவது சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஆசிரியர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். பிள்ளை என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். என் மகள் அங்கே அழவில்லை என்றால் அவள் கல் நெஞ்சக்காரியா? அழுதால் பாடம் வெற்றியா?

நெட்டெழுத்து:
அருமையான கேள்வி. ஜெர்மனியில் அரசியல் கல்விக்காரர்கள் 1976இல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடி இதைத்தான் பேசினார்கள். அங்கே பிறந்த உடன்பாட்டின் முதல் விதி: ஆசிரியர் தான் விரும்பும் கருத்தை நோக்கி மாணவரை மலைக்க வைத்து இழுக்கக் கூடாது, அவரே தீர்ப்புக்கு வர விட வேண்டும். இரண்டாவது: அறிஞர்களிடையே சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும். எக்காளமும் எலும்புக்கூடமும் மலைக்க வைப்பதற்கென்றே அமைந்தவை. அதனால்தான் எனக்கு உறுத்துகிறது.

சாக்பீஸ்தூள்:
ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு நாள் இரவும் 'இன்று என் மனதில் எழுந்த உணர்வுகள்' என்று ஒரு பக்கம் எழுத வைப்பதாக இருந்தேன். அந்தத் தாளை இப்போதுதான் கிழித்தேன்.

பருத்திப்பூ:
38 பேரும் 'கண்ணீர் மல்கியது' என்று எழுதியிருப்பார்கள். நான் பள்ளியில் அப்படித்தான் எழுதினேன். முழு மதிப்பெண்.

பழையவழிகாட்டி:
இரண்டாம்மாடி மேடத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். எசெக்ஸ் ஃபார்மில் 15 வயதில் செத்த ஒரு பையனின் கல்லறை இருக்கிறது. எல்லாப் பள்ளி பஸ்ஸும் அங்கே நிற்கும். 'உங்கள் வயதுதான்' என்று எல்லா வழிகாட்டியும் அதே இடத்தில் குரலைத் தாழ்த்துவோம். நானும் தாழ்த்தியிருக்கிறேன். பின்னாளில் எனக்கே கூச்சமாகிவிட்டது. அந்தப் பையனை நாங்கள் வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று தோன்றியது.

அதற்குப் பதில் நான் கூட்டிப்போன இடம் விலாட்ஸ்லோ. ஈப்ருக்கு வடக்கே, ஓக் மர நிழலில் ஒரு ஜெர்மன் கல்லறை. தரையோடு தரையாகப் பட்டையான கற்கள், ஒரு கல்லில் இருபது பெயர். ஓரத்தில் இரண்டு சிலைகள், ஒரு அப்பா, ஒரு அம்மா, இருவரும் மண்டியிட்டபடி. ஒருவரை ஒருவர் தொடவில்லை. அப்பா தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார், அம்மா குனிந்திருக்கிறார். உருவாக்கியவர் ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ். அவர் மகன் பீட்டருக்கு 18 வயது, படையில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா மறுத்தார். கேத்தேதான் கணவரிடம் பேசி இணங்க வைத்தார். 1914 ஆகஸ்டில் சம்மதம், அக்டோபரில் சாவு. சிலை 1932இல்தான் முடிந்தது. பீட்டரின் பெயர் உள்ள கல் அந்தச் சிலைகளுக்கு நேர் முன்னால் இருக்கிறது.

அங்கே எக்காளம் இல்லை, கொடி இல்லை, பெரும்பாலும் கூட்டமும் இல்லை. நான் கதையைப் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டு, உள்ளே ஒரு வார்த்தை பேச மாட்டேன். சில பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து பந்து விளையாடுவார்கள். விளையாடட்டும்.

சாக்பீஸ்தூள்:
புதிய திட்டம். முதல் நாள் ஈப்ர், இரவு மெனின் வாசல் (கைதட்டல் விஷயம் முதலிலேயே சொல்லப்படும்). இரண்டாம் நாள் லாங்கமார்க், விலாட்ஸ்லோ. மூன்றாம் நாள் நெவ் ஷப்பெல் மட்டும், ஆளுக்கு ஒரு பெயர்த்தாளோடு. நான்காம் நாள் காலை சும்மா ஊர் சுற்றல், பிறகு வீடு. தியப்வாலை விட மனசே வரவில்லை, 72,000 பெயர்கள், அங்கே நடந்த சோம் போரை வகுப்பில் இவ்வளவு நாள் நடத்திவிட்டு... விட்டுவிட்டேன். வெர்டனும் பட்டியலிலிருந்து போயாச்சு. எசெக்ஸ் ஃபார்மில் பஸ் நிற்காது.

நெட்டெழுத்து:
லாங்கமார்க்கில் அந்த 1914 அறிக்கையை அச்சடித்துக் கையில் கொடுங்கள். நீங்கள் விளக்க வேண்டாம். கல்லறையைப் பார்த்தபின் அவர்களே திருத்தி எழுதட்டும். இன்னும் நான் முழுசாக உங்கள் பக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம்மாடி:
விலாட்ஸ்லோ பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றேன். படிவத்தில் 'பெற்றோர் சம்மதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளையின் சம்மதத்துக்குக் கட்டமே இல்லை.

மகள் டியூஷன் முடிந்து ஏழரைக்கு வருவாள். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.