ரூஜ் றிவர் தொகுதி: 2016இல் தமிழ் வாக்குப் பிரிந்ததாம், எந்தக் கணக்கில்?

மல்வேர்ன்வாசி:
"ஸ்காபரோ - ரூஜ் றிவர் தமிழர் தொகுதி, 2016 இடைத்தேர்தலில் இரண்டு தமிழர் நின்று வாக்கைப் பிரித்துக் கெடுத்தார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்துக்கு, ரொறன்ரோவில் அந்தத் தொகுதி இருந்தது 1999 முதல் 2018 வரை. வென்றவர்கள் அல்வின் கர்லிங், பாஸ் பல்கிசூன், ரேமண்ட் சோ. இதில் தமிழர் யார்?

ஊர்க்குருவி:
அந்த ஒருவர் நான்தான். 2011இல் ராதிகா சிற்சபைஈசன் அங்கேதானே வென்றார்?

மல்வேர்ன்வாசி:
அது மத்திய நாடாளுமன்றம், தம்பி. பெயர் ஒன்று, தேர்தல் வேறு.

ஊர்க்குருவி:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். 2016இல் வென்ற சோவுக்கு 40 சதவீதம்கூட விழவில்லை. அவரோடு மோதிய தமிழர் பிரகல் திரு, நீதன் சாண் இருவரின் வாக்கையும் கூட்டிப் பாருங்கள். பிரிந்தது பிரிந்ததுதான்.

மல்வேர்ன்வாசி:
ஒருவர் லிபரல், மற்றவர் புதிய ஜனநாயகக் கட்சி. இருவருக்கும் விழுந்தது முழுவதும் தமிழ் வாக்கா? அந்த ஆகஸ்டில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். ஒரு வாசலில் சீனத்து அம்மா ஒருவர் நான்காக மடித்த கடிதத்தை விரித்துக் காட்டினார். பாலியல் கல்விப் பாடத்திட்ட மாற்றத்தை நீக்குவோம் என்று சோவின் கட்சியான கொன்சர்வேட்டிவின் தலைவர் பட்றிக் பிரவுன் பெயரில் வந்த கடிதம். வாக்களிப்புக்கு முன்பே பிரவுன் அதிலிருந்து பின்வாங்கிவிட்டார். ஆனால் கடிதம் வீடுகளுக்குள் போய்விட்டதே! தமிழ் வீடுகளிலும் அதைத்தான் கேட்டார்கள். இதெல்லாம் உங்கள் கூட்டலில் எங்கே வருகிறது?

ஏட்டுச்சுவடி:
"றிவர்" பிழை. "ரிவர்" என்று எழுதுங்கள்.

மல்வேர்ன்வாசி:
ஒன்ராறியோ, ரொறன்ரோ என்று முப்பது வருடமாக எழுதும் கை இது. எழுத்துத் திருத்த வேறு இடம் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
போன மாதம் என் பதிவில் "தொகுதி"யா "தேர்தல் மாவட்ட"மா என்று மூன்று நாள் என்னை வறுத்தெடுத்தது யார்?

மல்வேர்ன்வாசி:
அன்று நான் சொன்னது சரி, இன்றும் சரி. விஷயத்துக்கு வருகிறேன். சோ விட்டுப்போன ரொறன்ரோ மாநகரசபை 42ஆம் வட்டாரத்தில் 2017 பெப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. பல தமிழர் நின்றார்கள். வென்றவர் நீதன் சாண். அங்கே வாக்குப் பிரியவில்லையா?

ஊர்க்குருவி:
அது மாநகரசபை. பெயர் ஒன்று, தேர்தல் வேறு என்று நீங்கள்தானே பாடம் எடுத்தீர்கள்?

மல்வேர்ன்வாசி:
என் வார்த்தையை என்மேலேயே எறியாதீர்கள். 2018இல் தொகுதியைக் கலைத்து ஸ்காபரோ வடக்கு, ஸ்காபரோ - ரூஜ் பார்க் என்று ஆக்கினார்கள். ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலம் வென்றது கொன்சர்வேட்டிவ் அலையில். வாக்கு விழுவது கட்சிக்கு ஐயா, கட்சிக்கு!

ஊர்க்குருவி:
2016இல் பிரிந்தது.