பூட்டிக் கிடந்த ஊர் வீட்டில் எரிவாயு அடுப்பை மீண்டும் பற்றவைப்பது எப்படி?

கானாடுகாத்தான் வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டை ஆண்டில் இரண்டு முறை, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் மட்டுமே திறக்கிறோம். மற்ற மாதங்களில் 14.2 கிலோ சிலிண்டரும் அடுப்பும் அடுப்படியிலேயே கிடக்கும். சென்ற முறை அடுப்படிக் கதவைத் திறந்தவுடன் எரிவாயு வாடை வந்தது. விளக்குப் போடுவதற்காக ஸ்விட்சை நோக்கிக் கை நீட்டிய என் மகனை ஆத்தா சத்தம் போட்டு நிறுத்தினார்கள். முந்தைய நாள் வீட்டைப் பெருக்க வந்தவர் தேநீர் போட்டுவிட்டு ரெகுலேட்டரை மூடாமல் போயிருக்கிறார்; ரப்பர் குழாயையோ எலி கடித்திருக்கிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். நின்றுகொண்டு சமைத்து ஆத்தாவுக்குப் பழக்கமில்லை என்பதால், அடுப்பைத் தரையில் வைத்து, சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்தி, மணையில் உட்கார்ந்தே சமைக்கிறார்கள். விசேஷ நாளில் அதே அறையில் விறகடுப்பும் எரியும். இவற்றில் எதை மாற்ற வேண்டும்?

காரைக்குடி, அடுப்புப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர்:

ஆத்தா தடுத்தது மிகச் சரி. ஸ்விட்சைப் போடுவதில் மட்டுமல்ல, எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைப்பதிலும் பொறி பறக்கும். ஆகவே வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிவைக் காட்டிக்கொடுப்பதற்காகவே மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். எரிவாயு காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, எனவே தரையோடு படிந்து நிற்கும். நடு முற்றமான வளவு வானம் பார்த்துத் திறந்திருப்பதால் வீட்டுக்குள் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் வீட்டின் கடைசிப் பகுதியில் இருக்கும் அடுப்படிக்கு உயரமான நிலைப்படி இருந்தால், தொட்டியில் நீர் நிற்பதுபோல வாயு அதற்குள் தேங்கிவிடும். மேலே இருக்கும் சிறு சன்னலைத் திறந்தால் போதாது. முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் வாயில் நைலான் கயிற்றோடு தொங்கும் மூடியை அழுத்திப் பொருத்தி, எல்லோரும் வெளியேறிய பிறகு தெருவில் நின்று 1906 என்ற எண்ணை அழையுங்கள். மின்விசிறியைப் போட்டு வாடையை விரட்ட நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஸ்விட்ச்தான்.

தரையில் அடுப்பு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கசியும் வாயு முதலில் சேரும் இடத்திலேயே சுடர் எரிகிறது. அடுப்பு மேடையின் மேலும், சிலிண்டர் அதற்குக் கீழே நிமிர்ந்தும் இருக்க வேண்டும்.

வீட்டைப் பூட்டும்போது ரெகுலேட்டரைத் திருகி மூடினால் மட்டும் போதாது, கழற்றியே வையுங்கள். குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எஃகுக் கம்பி பொதிந்த ஆரஞ்சு நிறக் குழாயையே வாங்குங்கள். எலிக்குப் பயந்து குழாய்க்குத் துணி சுற்றுகிறவர்கள் உண்டு, ஆனால் வெடிப்பும் கடியும் அதனால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மாட்டிய பிறகு இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

தேவகோட்டை ஆச்சி:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர்களை ‘இனி நின்று சமையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிதல்ல. நாங்கள் மேடையைக் கட்டிவிட்டு, அதன் உயரத்துக்கு ஏற்றாற்போல் முதுகு சாய்ந்து உட்காரும் நாற்காலி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்து வைத்தோம். முதல் நாள் முகம் சுளித்த என் மாமியார், மறுநாளே அதில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரம் சுட்டார்கள்.

பணியாரம் என்றதும் எண்ணெய் நினைவுக்கு வருகிறது. சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் இறங்கும் நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசிவிடும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டால் சட்டியை மூடி, ஆறும்வரை அதைத் திறக்காமலும் நகர்த்தாமலும் விட்டுவிட வேண்டும். சீடைக்கு மாவைச் சலிக்காமல் விட்டால் அது வெடித்து எண்ணெய் தெறிக்கும் என்பது உங்கள் ஆத்தாவுக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். விறகடுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிடுங்கள். சிலிண்டர் இருக்கும் அறையில் அதற்கு இடமில்லை.

பள்ளத்தூர் வாசகர்:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மாதக்கணக்கில் கிடந்த அடுப்பின் பர்னர் குழாய்க்குள் சிலந்தியும் பூச்சிகளும் கூடு கட்டிவிடும். அப்போது காற்று சரியாகக் கலக்காமல் சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரியாகும். சில நேரம் வாயு பின்புறமாகவும் கசியும். சுடர் நீலமாக எரியாவிட்டால் அணைத்துவிட்டு, பழுது பார்ப்பவரை அழைத்துச் சுத்தம் செய்த பிறகே சமையுங்கள். சிலிண்டரை எப்போதுக்குள் மறுபடி சோதிக்க வேண்டும் என்ற கெடுவும் அதன் மேல்வளையத் தண்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் வரை; அடுத்து வரும் எண் ஆண்டைக் குறிக்கும்.

கானாடுகாத்தான் வாசகர்:

மூவருக்கும் நன்றி. பள்ளத்தூர்க்காரர் சொன்னதைப் படித்தவுடன் ஊரில் இருக்கும் பங்காளியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். தண்டில் சி-24 என்று இருக்கிறதாம். அந்தச் சிலிண்டரை முகவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மேடை கட்டும் பேச்சை ஆத்தாவிடம் நான் இன்னும் எடுக்கவில்லை. ஆச்சி, அந்த நாற்காலியின் உயரத்தை அளந்து சொல்ல முடியுமா?