பைஹோல் தடுக்கும் அரசு மடல் இணைப்புகள்: அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாமா?

நொய்யல்கரை, திருப்பூர்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஷிப்பிங் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன். 2025 ஆகஸ்டு 27 அன்று, நம் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. எந்தத் தேதிக்கு முன் கப்பலேறிய சரக்குக்கு எந்த வரி என்பதைப் பையர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நாமே மூலத்தில் படித்துவிடலாம் என்று, அந்நாட்டு அரசுத் துறை ஒன்றின் மின்னஞ்சல் அறிவிப்புகளுக்குப் பதிவு செய்துகொண்டேன்.

மடல்கள் தவறாமல் வருகின்றன. ஆனால் அவற்றில் உள்ள எந்த இணைப்பும் எங்கள் அலுவலகத்தில் திறப்பதில்லை. காரணம், ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் நாங்களே நிறுவிய பைஹோல். அலுவலகக் கணினிகள் விளம்பர, கண்காணிப்பு டொமைன்களுக்குப் போகாமல் தடுக்கும் மென்பொருள் அது. அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். மடலில் கண்ணுக்குத் தெரிவது துறையின் சொந்த முகவரி. கிளிக் செய்தால் போவதோ, மடல்களை அனுப்பித்தரும் தனியார் சேவை ஒன்றின் கண்காணிப்பு டொமைனுக்கு. அது சிவப்பு வரியில் தடைபட்டு நிற்கிறது. அந்த டொமைனை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடும்படி முதலாளி சொல்கிறார். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பும் நாளில் இணைப்போடு மல்லுக்கட்ட யாருக்கும் நேரமில்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

பீளமேட்டுக்காரர், கோவை:

சேர்க்க வேண்டாம் தம்பி. பைஹோல் ஏன் முழு இணைப்பையும் முடக்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். அது வேலை செய்வது பெயர் விசாரிக்கும் இடத்தில் மட்டும். ‘இந்த டொமைனின் ஐபி முகவரி என்ன’ என்று உலாவி கேட்கும்போது 0.0.0.0 என்று பதில் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறது. டொமைன் பெயருக்குப் பின்னால் வரும் நீண்ட பகுதி அதன் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே கண்காணிப்பை மட்டும் கழித்துவிட்டு, உங்களை உரிய பக்கத்தில் கொண்டுபோய் விட அதனால் இயலாது. நீங்கள் அந்தச் சேவையின் சர்வருக்குப் போய், இன்னார் இந்த மடலில் இந்த இணைப்பை இத்தனை மணிக்கு, இந்த ஐபி முகவரியிலிருந்து தொட்டார் என்று பதிவான பிறகுதான், 302 என்னும் திசைமாற்றப் பதிலோடு உரிய பக்கத்தின் முகவரி வந்து சேரும்.

சில சேவைகள் இறுதி முகவரியை இணைப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்புகின்றன. இணைப்பை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சிறிய ஏ, பெரிய எச், பெரிய ஆர், பூஜ்யம், சிறிய சி என்று தொடங்கும் துண்டு கண்ணில் பட்டால், அது பேஸ்64 முறையில் (எந்தத் தகவலையும் வெறும் எழுத்து, எண் குவியலாக மாற்றி எழுதும் முறை, ரகசியக் குறியீடு அல்ல) எழுதிய இணைய முகவரி என்று அநேகமாக நம்பலாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: இணைப்பை ‘விரித்துக் காட்டும்’ தளங்களில் அதை ஒட்டாதீர்கள். உங்களுக்குப் பதிலாக அவை போய்க் கதவைத் தட்டும். ஆனால் இணைப்பில் இருப்பது உங்கள் அடையாள எண் என்பதால், கிளிக் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

முகவரி உள்ளே இல்லையென்றால், மடலில் உள்ள அறிவிப்பு எண்ணைத் துறையின் தளத்தில் தேடுவதே நேர்வழி. வரி ஆணைகளுக்கு அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில், புதிய அறிவிப்புகளை மடல் இல்லாமலே காட்டும் ஆர்எஸ்எஸ் ஓடையும் உண்டு.

மஞ்சள் மண்டி, ஈரோடு:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தான் அனுப்பிய அறிவிப்பை எத்தனை பேர் திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் அரசுத் துறைக்குத் தேவை இருக்கலாம். அதை வைத்து நம்மை என்ன செய்துவிடப் போகிறார்கள்? 2020இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து பைஹோலில் கணினிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. ஆவணப் பிரிவின் ஒரே கணினிக்கு மட்டும் அந்த டொமைனை அனுமதித்துவிட்டு, மற்றவற்றில் தடையைத் தொடரலாம். முதலாளியின் அவசரமும் தீரும்.

ஆழியாறு, பொள்ளாச்சி:

ஈரோட்டு நண்பருக்கு: எண்ணுவதை நான் குறை சொல்லவில்லை, ஆள்வாரியாக எண்ணுவதைத்தான் சொல்கிறேன். எத்தனை பேர் படித்தார்கள் என்பதைத் தன் இணையப் பக்கத்தின் வருகைக் கணக்கிலேயே துறை தெரிந்துகொள்ளலாம். அதற்கு ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனி எண் போட்ட இணைப்பு எதற்கு? ஒரு நிறுவனம் எந்தச் சரக்கின் வரியை எந்த வாரத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறது என்பது வியாபாரத் தகவல். அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு பிரைவசி சட்டமோ, அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களையும் மட்டுமே ‘தனிநபர்’ என்று வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் திருப்பூர்க்காரர் வரமாட்டார்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. தெரிந்த ஒரு மில்லில், இயந்திரம் விற்பவரின் பெயரில் வந்த போலி மடலின் இணைப்பைக் கணக்குப் பிரிவுப் பெண் திறந்தார், கடவுச்சொல் போனது, முன்பணமும் வேறு கணக்குக்குப் போய்விட்டது. அதன் பிறகு, ‘எழுத்தில் தெரியும் முகவரியும் சுட்டியை வைத்தால் கீழே தெரியும் முகவரியும் ஒன்றாக இல்லாவிட்டால் தொடாதே’ என்று அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். அரசு மடலே அந்த விதியை மீறி வந்தால், அவர்கள் எதை நம்பிப் பழகுவார்கள்? நம் நாட்டு அரசுத் துறைகள் மடல் அனுப்பினாலும் இதையேதான் கேட்பேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன நாடு இது.

நொய்யல்கரை, திருப்பூர்:

மூவருக்கும் நன்றி. பீளமேட்டு அண்ணா சொன்னபடி இணைப்பை நோட்பேடில் ஒட்டினேன். அவர் சொன்ன எழுத்துகள் இல்லை. ஆனால் நான்கு வரி நீள எழுத்துக்குவியல் இரண்டு புள்ளிகளால் மூன்று துண்டாகப் பிரிந்திருந்தது. நடுத்துண்டை எங்கள் கணினியிலேயே, இணையத்துக்குப் போகாமல், பேஸ்64இலிருந்து மாற்றினேன். மடலின் எண், இணைப்பின் எண், அவற்றோடு துறையின் பக்கத்துக்கான நேர் முகவரி, மூன்றும் வெளிப்படையாகவே இருந்தன. அந்த முகவரியை உலாவியில் இட்டதும் பைஹோலின் தடையில்லாமல் பக்கம் திறந்தது.

இதை ஒரே சொடுக்கில் செய்யும் சிறு நிரலை எழுதி முதலாளியின் கணினியில் வைத்துவிட்டேன். அனுமதிப் பட்டியல் பேச்சை அவர் விட்டுவிட்டார். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே நேர் முகவரியையும் எழுத்தில் தரும்படி அத்துறைக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே பகிர்கிறேன்.