சாயங்காலம் காய்ந்த நெல்லில் காலையில் ஈரம் ஏறுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். திருவாரூர் பக்கம் குறுவை அறுத்து நெல்லைக் களத்தில் கொட்டியிருக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுக்கிறார்கள். நல்ல வெயில் அடித்தால் சாயங்காலம் மீட்டரில் 16.5 காட்டுகிறது. குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் 18-க்கு மேல்!

மழை ஒரு சொட்டுகூட விழவில்லை. ஐப்பசிக் காற்றே ஈரக்காற்று, நெல் அதை இழுத்துக்கொள்ளும், சரி. ஆனால் குவியலின் நடுவில் கைவிட்டு எடுத்த நெல்லிலும் ஏறியிருக்கிறதே? வெயிலில் மேல்பக்கம் மட்டும் காய்ந்து, மணிக்குள் இருந்த ஈரம் ராத்திரியில் வெளியே பரவுகிறதா? இல்லை, சூடாக இருந்த நெல்லை அளந்ததால் மீட்டர் குறைத்துக் காட்டியதா?

தார்ப்பாயை இறுக்கி மூடினால் உள்பக்கம் வியர்த்து ஒழுகுகிறது. திறந்துவிட்டால் பனி. நீங்கள் எப்படி மூடுகிறீர்கள்? அடியில் வைக்கோல் போடலாமா? காலையில் பனி விலகி எத்தனை மணிக்குப் பரப்புவது நல்லது?

இரண்டு அங்குல கனத்தில் பரப்பி, அரை மணிக்கொரு தரம் கிளறிவிடுகிறேன். இப்படிக் காய்ந்தும் நனைந்தும் போனால் மணி வெடித்து அரவையில் நொய் கூடும் என்பதுதான் பெரிய கவலை.

நடமாடும் உலர்த்தியை வாடகைக்கு எடுத்தவர்கள் மூட்டைக்கு என்ன செலவானது என்று சொல்லுங்கள். தார்ச்சாலையில் காயப்போடச் சொல்லாதீர்கள், பைக்கில் வருகிறவர்கள் பாவம்.